கலாசாலை வாயிலில் ஓர் அளவுகோல்

நமது தேசத்து வைத்தியக் கலாசாலைகளில் மாணாக்கரைச் சேர்ப்பதற்கென வகுக்கப்பட்டிருந்த விதிகளுள் ஒன்றை நேயர்களுக்கு முதற்கண் எடுத்துரைக்க விரும்புகிறோம். அதைக் கேட்போர் முதலில் நம்பமாட்டார், நம்பியபின் நகைப்பர், நகைத்தபின் வெட்கமுறுவர். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, அரசாங்கக் கலாசாலைகளிலும் அரசாங்க உதவி பெறும் கலாசாலைகளிலும் நூற்றுக்கு ஐந்துக்குக் குறையாத இடங்களை மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஒதுக்க வேண்டுமென்று கட்டளையிடுகிறது. அவ்விடத்திற்கு உரியவராவதற்குக் குறையின் அளவு நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். இது பார்லிமெண்டு இயற்றிய சட்டம். வைத்தியக் கல்விக்கென 2019-இல் திருத்தப்பட்ட விதியோ வேறு பேசிற்று. பேச்சுக் குறையுடைய ஒருவருக்கு அக்குறை நூற்றுக்கு நாற்பதை எட்டிவிட்டால், அவர் வைத்தியம் கற்கவே தகுதியற்றவர் என்றது அது. ஆகவே, நாற்பதுக்குக் கீழிருப்பவருக்கு ஒதுக்கீடு இல்லை. நாற்பதை எட்டியவருக்குக் கலாசாலையே இல்லை. சட்டம் கதவைத் திறந்து வைத்தது. விதி அக்கதவின் பின்னே சுவர் எழுப்பிற்று.

மகாராஷ்டிரத்து மாணவர் ஒருவர் இச்சுவரில் முட்டிக்கொண்டார். நுழைவுப் பரீக்ஷையில் தேறி வந்த அவருடைய பேச்சுக் குறை நாற்பதுக்குச் சற்று மேற்பட்டது என வைத்தியர் குழு கணித்த மாத்திரத்தில் அவர் விலக்கப்பட்டார். அவர் பேசுவது பிறருக்கு விளங்குகிறதா, நோயாளியிடம் விவரம் கேட்டறிய அவரால் கூடுமா, வகுப்பில் அமர்ந்து பாடம் கேட்பதற்கு அக்குறை எவ்விதத்தில் இடையூறாகும் என்றெல்லாம் ஆராய்வார் ஒருவருமில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரையில் சென்றது. கோர்ட்டார் டில்லி மௌலானா ஆஸாத் வைத்தியக் கலாசாலையில் ஒரு குழுவை அமைத்து, இம்மாணவரால் இப்படிப்பைத் தொடர இயலுமா, இயலாதா என்பதைச் சொல்லுமாறு பணித்தனர். இயலும் என்று விடை வந்தது. கேள்வி மாறியதும் விடையும் மாறிற்று. 2024 அக்டோபர் 15-ஆம் தேதி அளிக்கப்பட்ட தீர்ப்பில், சதவீதக் கணக்கு ஒன்றை மட்டும் காட்டி எந்த மாணவரையும் தள்ளலாகாது என்றும், தள்ளினால் அதற்குரிய காரணத்தைக் குழுவினர் எழுத்தில் கூறவேண்டும் என்றும் தெளிவாக்கினர். தீர்ப்பை எழுதியவர் பொள்ளாச்சியில் பிறந்து கோயம்புத்தூரில் சட்டம் பயின்ற நீதிபதி கே. வி. விசுவநாதன் அவர்கள் என்பதில் தமிழர்க்குத் தனியே ஒரு மகிழ்ச்சி உண்டு.

அதே மாதம் 25-ஆம் தேதி மற்றுமொரு தீர்ப்பு வெளிவந்தது. தசைகள் நாளடைவில் நலியும் நோயுடைய மாணவர் ஒருவருக்குக் குறை நூற்றுக்கு 88 என்று கணிக்கப்பட்டது. விதியின் மேல்வரம்பு எண்பது; எண்பதைத் தாண்டியவரைத் தனித்தனியே ஆராய்ந்தே சேர்க்கலாம் என்றது அது. சுப்ரீம் கோர்ட்டார் இங்கும் எண்ணை ஒருபுறம் வைத்துவிட்டு, டாக்டர் சதேந்திர சிங் அவர்களின் மதிப்பீட்டை நாடினர். டாக்டர் சிங் டில்லி வைத்தியக் கலாசாலை ஒன்றின் ஆசிரியர். குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டவர். தக்க வசதிகள் அமைந்தால் இம்மாணவர் படிக்க வல்லவர் என்று அவர் கண்டார்; மாணவர்க்கு இடம் கிடைத்தது. பின்னர் 2025 பிப்ரவரி 21-ஆம் தேதி, வைத்தியம் பயில விரும்புவோர்க்கு இரு கரங்களும் ஊனமின்றி முழு வலிவோடு இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையும் சட்டத்திற்கும் அரசியலமைப்பிற்கும் முரணானது என்று தீர்ந்தது.

இவ்வழக்குகளில் வென்றவரைப் பாராட்டுவதோடு நமது கடமை தீர்ந்துவிடுமாயின் இத்தலையங்கத்திற்கு அவசியமில்லை. சுப்ரீம் கோர்ட் வரையில் செல்லப் பணமும் துணிவும் துணையும் உள்ள மாணவர் எத்தனை பேர்? திருநெல்வேலி ஜில்லாவின் கிராமமொன்றில் கூலி வேலை செய்யும் தந்தைக்குப் பிறந்த பெண், வைத்தியர் குழு ‘தகுதியில்லை’ என்று ஒரு வரி எழுதித் தந்தால் அந்தக் காகிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டில் இருந்துவிடுவாள். அவளுடைய வழக்கு எந்த நியாயஸ்தலத்தின் சட்டப் புஸ்தகத்திலும் ஏறாது. நாம் எழுதுவது அவளைக் குறித்தே. அவளை வெளியே நிறுத்துவது அவளுடைய குறையன்று. அவளை அளக்கும் கோல். அறிவை அளக்கவேண்டிய இடத்தில் கையையும் காலையும் நாவையும் அளக்கும் அக்கோல் வைத்தியக் குழுவிடம் மட்டும் இல்லை. பரீக்ஷை மண்டபத்திலும் புஸ்தகசாலையிலும் கலாசாலைப் பிரின்ஸிபாலின் மேஜையிலும் அதுவே இருக்கிறது.

அது எப்போது வந்தது என்று எண்ணிப் பார்த்தல் நன்று. தமிழ்நாட்டில் கல்வி செவிவழியே வளர்ந்த காலம் ஒன்று உண்டு. கேட்டு, மனனஞ்செய்து, நாவால் சொல்லித் தேறிய அக்கல்வியில் கண்ணின் பங்கு சிறிது. கையின் பங்கு அதனினும் சிறிது. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே பார்வை இழந்தவர். அவருக்கு முதுகில் எழுத்துக்களை விரலால் வரைந்து கற்பித்தனர் என்று சொல்வர். இராமநாதபுரம் சமஸ்தானத்தில் புகழ் பெற்ற மாம்பழக் கவிச்சிங்க நாவலர் குழந்தைப் பருவத்தில் அம்மையால் கண் இழந்தவர். இரட்டைப் புலவர் கதையை அறியாதார் யார்? கண்ணில்லாதவர் காலில்லாதவரைத் தோளில் சுமந்தார். காலில்லாதவர் வழி சொன்னார். பாதிப் பாட்டை ஒருவர் தொடங்க, மறு பாதியை மற்றவர் முடித்தார். இன்றைய சட்டத்தில் ‘நியாயமான வசதி’ என்று எழுதியிருப்பதன் பொருளை அறிய விரும்பும் அதிகாரிகள் இக்கதையைப் படித்தால் போதும், சுற்றறிக்கை வேண்டியதில்லை.

இதனால் பழங்காலம் பொற்காலம் என்று நாம் வாதிப்பதாக எவரும் எண்ணவேண்டாம். மேற்கூறிய மூவரும் நால்வரும் விதிவிலக்குகள். ஏட்டுக் கல்வியின் வாயில் அக்காலத்தில் ஜாதியாலும் பாலாலும் அடைபட்டிருந்தது. நாம் சொல்ல வந்தது இவ்வளவே: கண்ணிழந்தவர் கற்கமுடியாது என்பது இயற்கையின் தீர்ப்பன்று. 1857-இல் சென்னைச் சர்வகலாசாலை ஏற்பட்டது. அதனுடன் குறித்த நேரத்தில், அச்சிட்ட வினாத்தாளைத் தன் கண்ணால் படித்து, விடையைத் தன் கையால் எழுதி முடிக்கும் பரீக்ஷை முறையும் நிலைத்தது. அம்முறையால் நன்மைகள் பல விளைந்தன. எழுதியவன் இன்னானென்று அறியாமல் விடையைத் திருத்தும் நடுநிலை அதில் உண்டு. ஆயினும் விடை அறிந்திருப்பதும் அதை விரைவாகக் கையால் எழுதுவதும் ஒன்றே என்ற மயக்கமும் அதனோடு கூடவே வந்தது. கல்வியின் கருவியைக் கல்வியென்றே எண்ணிவிட்டோம்.

சொல்வதை எழுதுவோர் ஒருவரைப் பரீக்ஷை மண்டபத்தில் அனுமதிப்பது இம்மயக்கத்திற்கு மாற்று மருந்தாக வந்த ஏற்பாடு. ‘ஸ்கிரைப்’ என்றே அவரை இன்று யாவரும் அழைக்கின்றனர். மாணவர் சொல்வார், அவர் எழுதுவார். கேட்பதற்கு எளிது. நடைமுறையில் இதிலுள்ள சிக்கல்களை அனுபவித்தவரே அறிவர். எழுதுபவர் மாணவரைவிடக் குறைந்த வகுப்புப் படித்தவராயிருத்தல் வேண்டுமென்று மத்திய சர்க்கார் 2018-இல் வெளியிட்ட நெறிமுறை கூறிற்று. மோசடியைத் தடுப்பதற்காகச் செய்த நிபந்தனை. அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பொருளாதார சாஸ்திரத்தில் எம்.ஏ. எழுதும் மாணவர் ஒருவர் சொல்லும் சொற்களை அச்சாஸ்திரத்தை எட்டிப் பாராத ஒருவர் எழுதினால் என்ன ஆகும்? ஒவ்வொரு பெயருக்கும் எழுத்துக் கூட்டிச் சொல்லவேண்டும். வரைபடம் போடச் சொல்ல வாயால் வழி தேடவேண்டும். எழுதியது சரிதானா என்று தாமே பார்க்க இயலாது. எழுதுபவருடைய கையெழுத்து அலங்கோலமானால் மதிப்பெண் குறைவது மாணவருக்கு. பரீக்ஷைக்கு முந்திய இரவில் மற்ற மாணவர் பாடத்தைத் திருப்பிப் படித்துக்கொண்டிருக்க, இவர் எழுத ஒப்புக்கொண்டவர் நாளை வருவாரா என்று தொலைபேசியில் விசாரித்துக்கொண்டிருப்பார். இப்படி எழுதிப் பெற்ற நூற்றுக்கு அறுபதை நாம் அறுபது என்றே கணக்கிடுகிறோம்!

அந்த நெறிமுறையில் மற்றொன்றும் உண்டு. மணிக்கு இருபது நிமிஷத்திற்குக் குறையாமல் கூடுதல் நேரம் அளிக்கவேண்டும் என்பது அது. மூன்று மணி நேரப் பரீக்ஷைக்கு ஒரு மணி கூடும். 2021-இல் நடந்த வைத்திய நுழைவுப் பரீக்ஷையில், எழுதுவதில் குறைபாடுள்ள ஒரு மாணவிக்கு அந்த ஒரு மணி மறுக்கப்பட்டது. குறித்த நேரம் முடிந்ததும் விடைத்தாளை வாங்கிக்கொண்டனர். மண்டபத்திலிருந்த உத்தியோகஸ்தர்களுக்கு விதி தெரிந்திருக்கவில்லை. அவ்வாண்டு நவம்பர் 23-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார் அவளுக்கு அநீதி இழைக்கப்பட்டதென்று தெளிவாகக் கூறி, தக்க பரிகாரம் காணுமாறு பரீக்ஷை நடத்தும் ஸ்தாபனத்திற்கு உத்தரவிட்டனர். ஆயினும் மறுபரீக்ஷைக்கு உத்தரவிடவில்லை. உரிமை நிலைநாட்டப்பட்டது, ஒரு மணி நேரம் திரும்பி வரவில்லை. வக்கீல்களாகிய நமக்கு இத்தகைய வெற்றிகள் பழக்கமானவை. பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அவை எப்படியிருக்கும் என்பதை யோசித்துப் பார்க்கவேண்டும்.

அதே ஆண்டு பிப்ரவரி 11-ஆம் தேதி வேறொரு தீர்ப்பும் பிறந்தது. எழுதும்போது கை இசிவு காணும் ஒருவர் ஸிவில் ஸர்வீஸ் பரீக்ஷையில் எழுத்துத் துணை கேட்டார். குறை நூற்றுக்கு நாற்பது இல்லை என்று கூறி மறுத்தனர். நாற்பது என்ற எண் இட ஒதுக்கீட்டிற்கு மட்டும் உரியது. வசதி கோருவதற்கு அது நிபந்தனையன்று என்று மூன்று நீதிபதிகள் அடங்கிய ஆயம் விளக்கிற்று. கை எழுத மறுக்கும் ஒருவரிடம், உம் கை எத்தனை சதவீதம் மறுக்கிறது என்று கேட்டது எவ்வளவு பொருத்தமான கேள்வி பாருங்கள்.

‘இப்படியெல்லாம் இளக்கிக்கொண்டே போனால் தகுதி என்னாவது?’ என்று கேட்கும் நண்பர்கள் நம்மவருள்ளும் இருக்கின்றனர். ஆங்கிலக் கல்வியின் உச்சியென்று அவர்கள் கருதும் கேம்பிரிட்ஜையே சாட்சிக்கு அழைப்போம். நிக்கோலஸ் ஸாண்டர்ஸன் என்பவர் ஒரு வயதில் அம்மை கண்டு இரு கண்களையும் இழந்தார். 1707-இல் அவர் கேம்பிரிட்ஜுக்கு வந்தபோது எக்கலாசாலையிலும் மாணவராகச் சேரவில்லை, பட்டமும் பெற்றிருக்கவில்லை. ஆயினும் நியூட்டனின் கணித சாஸ்திரத்தை அவர் கற்பிக்கக் கேட்போர் திரண்டனர். 1711-இல் ஆன் அரசியாரின் ஆணையால் அவருக்கு எம்.ஏ. பட்டம் வழங்கி, ஒரு காலத்தில் நியூட்டன் வகித்த அதே கணிதப் பேராசிரியர் பதவியில் அமர்த்தினர். 1739-இல் இறக்கும் வரையில் அப்பதவியை அவர் வகித்தார். மாணவராக வர வழியில்லாதவர் ஆசிரியராக வந்தார். இன்று நமது நாட்டில் கண்ணில்லாத பிள்ளை கணிதம் கேட்டால், வரைபடத்தை எப்படிப் பார்ப்பாய் என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறோம்.

திருப்பி அனுப்புகிறோம் என்று நாம் சொன்னது வெறும் அலங்காரமன்று. மசூலிப்பட்டணத்துப் பக்கத்துக் கிராமமொன்றில் பார்வையின்றிப் பிறந்த ஸ்ரீகாந்த் பொல்லா பத்தாம் வகுப்பில் சிறப்பாகத் தேறியும், மேல்வகுப்பில் விஞ்ஞானம் பயில ஆந்திரக் கல்வி அதிகாரிகள் அனுமதிக்கவில்லை. கோர்ட்டுக்குச் சென்று அவ்வுரிமையைப் பெற்றார். பன்னிரண்டாம் வகுப்பில் நூற்றுக்கு 98 வாங்கினார். ஐ.ஐ.டி. நுழைவுப் பரீக்ஷைக்குப் பயிற்சி தரும் ஸ்தாபனங்கள் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2009-இல் அமெரிக்காவின் மஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலை அவரை இரு கரம் நீட்டி ஏற்றது. படிப்பை முடித்துத் திரும்பி வந்து, 2012-இல் ஹைதராபாத்தில் தொழிற்சாலை தொடங்கி, உடற்குறையுடையவர்க்கு வேலையளித்தார். பாரதமாதாவின் புதல்வனுக்கு விஞ்ஞானம் கற்க இடம் அந்நிய தேசத்திலேதான் கிடைத்தது என்பதை, சுதேசியம் பேசும் நாம் எந்த முகத்தோடு சொல்லிக்கொள்வது?

தமிழ்நாட்டில் நிலைமை வேறல்ல. நமது கலைக் கலாசாலைகளில் பார்வையற்ற மாணவர் பலர் படிக்கின்றனர்; அது நமக்குப் பெருமையே. ஆயினும் அவர்களைத் தமிழ், ஆங்கிலம், சரித்திரம் ஆகிய வகுப்புகளிலேயே பெரும்பாலும் காண்கிறோம். இவற்றை விரும்பிக் கற்போர் உண்டு. விரும்பியது வேறாக, திறந்திருந்த கதவு இதுவாக இருந்ததனால் நுழைந்தோரும் உண்டு. செவித்திறன் குறைந்தவர்க்குச் சென்னை மாநிலக் கல்லூரியில் வணிகவியலும் கம்ப்யூட்டர் பயிற்சியும் தனி வகுப்புகளாக நடைபெறுகின்றன. அடையாற்றிலும் அத்தகைய கலாசாலை ஒன்று உண்டு. இவற்றைத் தொடங்கியோர் நன்றிக்குரியோர். ஆனால் செவி கேளாத பிள்ளை தத்துவமோ சட்டமோ தாவர சாஸ்திரமோ படிக்க விரும்பினால்? கைச்சைகை மொழியில் பாடத்தைப் பெயர்த்துச் சொல்வோர் இல்லாத வகுப்பில் அவன் நான்கு சுவர்களைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கவேண்டும்.

எண்களையும் சொல்லிவிடுகிறோம். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி உடற்குறையுடையோர் 2 கோடியே 68 லட்சம். அவர்களில் நூற்றுக்கு 45 பேர் எழுத்தறியாதவர். பட்டம் பெற்றவர் நூற்றுக்கு 5 பேர். சர்க்காரின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-இல் தேசமெங்கும் கலாசாலைகளில் பயின்ற 4 கோடியே 33 லட்சம் மாணவரில் மாற்றுத்திறனாளிகள் 90,000 பேருக்கும் குறைவு. அதாவது ஆயிரத்துக்கு இரண்டு பேர். ஒதுக்கீடு அரசாங்கக் கலாசாலைகளையும் உதவி பெறுவனவற்றையுமே கட்டுப்படுத்துவதால் இவ்விரண்டையும் நூற்றுக்கு ஐந்தோடு நேரே ஒப்பிடுவது முறையாகாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். அதற்காக, ஆயிரத்துக்கு இரண்டு என்பது கௌரவமான எண்ணாகிவிடாது.

சட்டம் இல்லாத குறையா இது? 1995-ஆம் வருஷத்துச் சட்டமே நூற்றுக்கு மூன்று இடங்களை ஒதுக்கச் சொல்லிற்று. அதை அனுசரிக்கவில்லையென்று 2006-இல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடரப்பட்டது. அனுசரிக்காதவை எவை என்று நினைக்கிறீர்கள்? சட்டக் கலாசாலைகள்! சட்டத்தைக் கற்பிப்பவர்களே அதைப் படிக்கவில்லை. 2017 டிசம்பர் 15-ஆம் தேதி தீர்ப்பு வருவதற்குள் பழைய சட்டம் போய்ப் புதிய சட்டம் வந்துவிட்டது. புதிய சட்டத்தின் 89-ஆவது பிரிவு தண்டனை விதிக்கிறது: முதன்முறை மீறினால் 10,000 ரூபாய் வரையில் அபராதம், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரையில். முதல் அபராதம் எத்தனையோ கலாசாலைகளில் ஒரு மாணவர் கட்டும் பருவக் கட்டணத்தினும் குறைவு. இதற்கு அஞ்சி நடக்கும் நிர்வாகி எவரேனும் உளரா?

கட்டடங்களைப் பற்றி நெடுக எழுத விருப்பமில்லை. இருந்த பொதுக் கட்டடங்களையெல்லாம் ஐந்தாண்டுக்குள் சீர்திருத்தவேண்டுமென்று சட்டம் கூறிற்று. விதிகள் வெளியான 2017 ஜூனிலிருந்து கணக்கிட்டால் அக்கெடு 2022-இல் முடிந்தது. நேயர் தம் ஊர்க் கலாசாலைக்கு ஒருமுறை சென்று, புஸ்தகசாலை எந்த மாடியில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். பழைய ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை விட்டு ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லைச் சர்க்கார் மேற்கொண்டது நல்ல காரியம். பெயர்ப்பலகையை மாற்றியவர்கள் படிக்கட்டை மறந்துவிட்டனர்.

படி ஏறிவிட்டாலும் படிக்கப் புஸ்தகம் வேண்டுமே! இவ்விஷயத்தில் நமது தேசம் உலகிற்கு வழிகாட்டியது என்பதை மகிழ்ச்சியோடு எழுதுகிறோம். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பார்வையற்றோர் முதலியோர் படிக்கத்தக்க வடிவில் எந்நூலையும் உடையவர் அனுமதியின்றியே பெயர்த்துக்கொள்ளலாம் என்று விதித்தோம். 2013-இல் மராகேஷ் நகரில் இதே நோக்கத்தோடு சர்வதேச உடன்படிக்கை ஏற்பட்டபோது, 2014-இல் அதை முதன்முதல் அங்கீகரித்த தேசம் இந்தியாவே. தடை நீங்கிற்று, ஆனால் நூல்கள் வந்தனவா? ஆங்கிலத்தில் ஓரளவு வந்தன. தமிழில் வேறொரு தொல்லை. கம்ப்யூட்டர் திரையிலுள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருளில் ஒன்றைப் பார்வையற்ற இரு ஆஸ்திரேலிய இளைஞர் 2006-இல் உருவாக்கத் தொடங்கி இலவசமாகவே அளித்தனர். அது தமிழையும் படிக்கும். ஆனால் யூனிகோட் எழுத்தில் இருந்தால் மட்டும் படிக்கும். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் அச்சுக் கோத்த தமிழ்ப் பாடநூலை அதனிடம் கொடுத்தால், ஆங்கில எழுத்துக்களையும் குறிகளையும் தாறுமாறாக உளறும். பக்கங்களைப் படமெடுத்து ஏற்றிய நூலானால் அதற்குப் பேச்சே வராது. யூனிகோடைத் தமிழக சர்க்கார் அங்கீகரித்தது 2010-இல். எனினும் சர்வகலாசாலைகளின் தொலைநிலைக் கல்விப் பாடங்களிலும் பதிப்பாளர் கோப்புகளிலும் பழைய எழுத்தே நெடுங்காலம் நீடித்தது. பழைய கோப்புகளை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இதற்குக் கோடிகள் தேவையில்லை; ஒரு குமாஸ்தாவும் சில மாதங்களும் போதும். தமிழ் வளர்ச்சிக்கென மாநாடுகள் கூட்டும் அன்பர்கள் இச்சிறு தொண்டைச் செய்தாலென்ன? 1951-இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக அமைந்த புடைப்பெழுத்து முறைக்குப் ‘பாரதி பிரெயில்’ என்று பெயர். அது நம் கவியின் பெயரன்று, பாரத தேசத்தின் பெயர். ஆனால் கவியின் நூல்களையாவது அதில் எளிதாகப் பெற வழி செய்வோம்.

நோயாளியின் உயிரோடு விளையாடலாமா என்பது வைத்தியக் கல்வியைக் குறித்து எழும் ஆக்ஷேபம். இதை நாம் அலட்சியம் செய்யவில்லை. கை நடுங்குபவர் சத்திர சிகிச்சை செய்யவேண்டும் என்று எவரும் கோரவில்லை. வைத்தியம் என்பது கத்தி பிடிப்பது மட்டுமன்று. நோய்க்கூறு ஆராய்ச்சி, மனோவைத்தியம், பொது சுகாதாரம், கற்பித்தல் என அதில் துறைகள் பல. இரு கண்ணும் இல்லாத ஜேகப் பொலோட்டின் 1912-இல் சிகாகோவில் வைத்தியப் பட்டம் பெற்று, இதயத்தையும் நுரையீரலையும் செவியால் கேட்டு நோயறிவதில் கீர்த்தி பெற்றார். எவர் எத்துறைக்கு உகந்தவர் என்பதைப் படித்துத் தேறிய பின் பார்த்துக்கொள்ளலாம். வாயிலிலேயே தீர்மானிக்க வைத்தியர் குழுவிற்கு ஜோதிடம் தெரிந்திருக்கவேண்டும். எகிப்து தேசத்து டாஹா ஹுஸைன் மூன்று வயதளவில் பார்வை இழந்தவர். கெய்ரோவில் புதிதாகத் தோன்றிய சர்வகலாசாலை 1914-இல் அவருக்கே முதல் டாக்டர் பட்டம் அளித்தது. 1950-இல் அவர் அத்தேசத்தின் கல்வி மந்திரியானார். வாயிலில் நின்ற காவலன் அவருடைய கண்ணை அளந்திருந்தால் எகிப்து தன் கல்வி மந்திரியை இழந்திருக்கும். நம்முடைய நியாயாசனங்களிலும் பார்வையற்றோர் அமர்வதற்குத் தடையில்லை என்று 2025 மார்ச் 3-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். நியாயாதிபதியாகத் தடையில்லாதவர் சட்டக் கலாசாலைக்குள் நுழைய என்ன தடை?

இனிச் செய்யவேண்டியது யாது? கோர்ட்டுகள் தம் பங்கைச் செய்துவிட்டன; மந்திரிகள் வாக்குறுதிகளை அளித்துக்கொண்டேயிருப்பர். ஊர்தோறும் உள்ள தொண்டர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. 2017-ஆம் வருஷத்துத் தீர்ப்பின்படி, ஒவ்வொரு கலாசாலையும் தான் சேர்த்துக்கொண்ட மாற்றுத்திறனாளி மாணவர்களின் கணக்கை ஆண்டுதோறும் அவர்களுக்கான கமிஷனருக்கு அனுப்பவேண்டும். அக்கணக்கு பொதுஜனங்களுக்கு உரியது. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு விண்ணப்பத்திற்குக் கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாட்களுக்குள் விடை தரவேண்டும். அரசாங்கக் கலாசாலைகளும் உதவி பெறும் கலாசாலைகளும் இதற்குக் கட்டுப்பட்டவை. தங்கள் ஊர்க் கலாசாலையின் தகவல் அதிகாரிக்கு மூன்று கேள்விகளை எழுதி அனுப்புமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கடந்த மூன்றாண்டுகளில் 32-ஆவது பிரிவின்படி ஒதுக்கிய இடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை? நிரம்பாத இடங்களை எவ்வாறு பயன்படுத்தினீர்கள்? விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர் எத்தனை பேர். மறுத்ததற்கு எழுத்தில் காரணம் தந்தீர்களா? மாணவரின் பெயரைக் கேட்கவேண்டாம். அது அவருடைய அந்தரங்கம். எண்ணும் காரணமும் போதும். வரும் விடைகளை, விடை வராவிட்டால் வராத செய்தியை, கலாசாலையின் பெயரோடு நமக்கு அனுப்பினால் இப்பக்கத்திலேயே வரிசையாகப் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம். வைத்தியர் குழுவிடமிருந்து ஒரு வரிக் காகிதத்தோடு வீடு திரும்பிய மாணவர் எவரேனும் இருந்தால், காரணம் கூறும் உத்தரவைக் கேட்டு விண்ணப்பிக்க அவருக்கு உதவுமாறு வக்கீல் நண்பர்களையும் வேண்டுகிறோம்.